கம்பெல்லும் மக்டொனால்டும் அக்கராயனுக்கு வந்த கதை

அன்புள்ள அக்கா கமலேஸ்வரிக்கு,

அக்கராயனிலிருந்து தம்பி வீரகத்தி பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் இரஞ்சிதமும் மகள் யதுர்ஷிகாவும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். கிளாஸ்கோக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படியோ என்று இரஞ்சிதம் தினமும் கேட்கிறாள்.

உங்கள் மகன் நிரோஜனின் சிநேகிதர் இருவரையும் ஒரு கிழமை எங்களிடம் தங்க அனுப்பியதற்கு நன்றி சொல்லவே இந்தக் கடிதம். அவர்களிடமே கொடுத்து விடுகிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாதென்பதால் உள்ளதை உள்ளபடி எழுதலாம். ஒருவர் இயன் மக்டொனால்ட், மற்றவர் டங்கன் கம்பெல் என்று பெயரைச் சொன்னதும், யதுர்ஷிகா கைத்தொலைபேசியில் எதையோ வாசித்துவிட்டு என்னைக் குசினிக்குள் இழுத்தாள். "அப்பா, இந்த ரெண்டு குலமும் ஸ்கொட்லாந்திலை பரம்பரைப் பகையாம். முன்னூறு வருசத்துக்கு முன்னம் ஒரு கம்பெல் பட்டாளத்தோடை வந்து, மக்டொனால்ட் வீடுகளிலை ரெண்டு கிழமை விருந்து சாப்பிட்டுப்போட்டு, விடியமுன்னம் அந்தச் சனத்தையே கொன்றுபோட்டவனாம்!"

இரஞ்சிதம் உடனே கத்தி, அரிவாள், கோடாலி எல்லாவற்றையும் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். வெட்டிச் சமைக்க வழியில்லாமல் விருந்தாளிகளுக்கு முதல் இரண்டு நாளும் பருப்பும் அவித்த முட்டையும்தான், மன்னிக்கவும். இருவரையும் ஒரே கூரையின் கீழ் படுக்கவிடப் பயந்து, அக்கா, செய்யவே மாட்டேன் என்றிருந்த காரியத்தைச் செய்தேன். பக்கத்து வயல்காரர் குகதாசனின் வாசற்படலையைத் திறந்தேன். எல்லை வாய்க்காலை யார் துப்புரவாக்குவது என்ற சண்டையில் பதினொரு வருடமாக நாங்கள் கதைப்பதில்லை. வாய்க்கால் தூர்ந்து, குளத்துத் தண்ணீர் வராமல், கதிர் வரும் நேரத்தில் இரண்டு வயலும் கருகிக்கொண்டிருந்தன, அப்போதுகூடக் கதைக்கவில்லை.

"என்ன விசயமா வந்தனீர்?" என்றார்.

"ஒராளை உம்மடை வீட்டிலை படுக்க விடவேணும்" என்று கதையை முழுக்கச் சொன்னேன்.

"அப்ப கொலைகாரனையோ எனக்குத் தாறீர்?" என்று கேட்டார், ஆனாலும் கம்பெல்லுக்குக் கட்டிலைத் தட்டிப் போட்டார்.

மூன்றாம் நாள் காலை இருவரையும் காணவில்லை. நானும் குகதாசனும் வெறுங்காலோடு வயலுக்கு ஓடினோம். அங்கே வாய்க்காலுக்குள் மக்டொனால்ட் குனிந்து நிற்க, அவர் பக்கத்தில் கம்பெல் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு! "ஐயோ, வெட்டாதை!" என்று நான் போட்ட சத்தத்தில் வயலில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிவிட்டன. பின்னால் ஓடிவந்த யதுர்ஷிகா ஆங்கிலத்தில் விசாரித்தாள். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அப்பா, கம்பெல்லின்ரை தங்கச்சியைத்தானாம் இயன் கட்டியிருக்கிறார்! பயிர் காயுறதைப் பாக்கேலாமல் வாய்க்காலை வெட்டினமாம். இஞ்சை ஆருக்கு ஆரோடை பகையெண்டு கேக்கினம்."

நானும் குகதாசனும் ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்துக்கொண்டு இறங்கினோம். மத்தியானம் தண்ணீர் வந்தது. அதற்குள் கால் வைத்து நின்றபடி குகதாசன், "காலமை சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அக்கா. பயிர் பிழைத்தது, எனக்கொரு அயலவரும் கிடைத்தார். இந்த நன்றியை நான் எந்தப் பிறவியில் தீர்ப்பேன்?

நிரோஜனுக்கு எங்கள் ஆசிகள். நீங்கள் நீண்டகாலம் நலமாயிருக்க வேண்டும்.

என்றும் உங்கள்
தம்பி வீரகத்தி

பி.கு.: அடுத்த வருடம் இருவரும் தன் வீட்டில்தான் தங்கவேண்டுமென்று குகதாசன் இன்று காலை சொன்னார். முதலில் சோறு போட்டது யார் என்று கேட்டேன். "சோறோ? பருப்பும் முட்டையும்!" என்றார். மறுபடியும் நாங்கள் கதைப்பதில்லை. வரும் வருடம் தயவுசெய்து வீட்டுக்கு இருவராக நான்கு பேரை அனுப்பவும்.