சர்வேயர் மாட்டிய இஞ்சின்

செயின் பிளாக்கில் தொங்கிய இஞ்சின், காரின் திறந்த வாய்க்குள் பாதி இறங்கி, அதற்கு மேல் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"முட்டுது அத்தான்," என்றான் சங்கிலியைப் பிடித்திருந்த மைத்துனன்.

"எங்க?"

"எல்லா இடத்துலயும்."

சர்வேயர் ரசமட்டத்தை எடுத்து இஞ்சின்மேல் வைத்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது.

"இஞ்சின் சரியாத்தான் இருக்கு. தரைதான் தப்பு."

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் அவர் மனைவியின் தையல் அறைக்குள் புகுந்து நூல்கண்டுகளை இடம் மாற்றினார். அவள் சட்டைக் கை வெட்டும்போது பின்னால் நின்று கோணம் சொன்னார். பிறகு வந்த அவருடைய பிறந்த நாளுக்கு, ஒரு கால்நடை டாக்டரிடமிருந்து இந்தப் பழைய காரை அவள்தான் வாங்கித் தந்தாள். இஞ்சின் தனியாகச் சாக்கில் சுற்றி வந்தது. அன்று பிடித்த வெறி. கார் புத்தகங்களைப் படித்துப் படித்து, போல்ட் போல்ட்டாக மண்ணெண்ணெயில் கழுவி, கைரேகை தேயத் தேய்த்திருந்தார். அவளும் பொறுமையாக இருக்கைகளுக்கு உறை தைத்துக் கொடுத்திருந்தாள்.

"பின்பக்கத்தைத் தாழ்த்தி இறக்கு மாப்ள."

தாழ்த்தினான். ஃபேன் ரேடியேட்டரில் போய் இடித்தது. ஆசை ஆசையாக முந்தின நாள் மாட்டிய ரேடியேட்டர். இஞ்சினை மறுபடி மேலே ஏற்றிவிட்டு அதைக் கழற்றினார். ஒழுகுகிறதா என்று பார்க்க வாயை அடைத்து ஊற்றியிருந்த தண்ணீர் முழுக்க மைத்துனன்மேல் கொட்டியது. அவன் துள்ளிக் காரில் சாய, கார் மெல்லப் பின்னால் உருண்டு சுவரைத் தொட்டு நின்றது. இஞ்சின் மட்டும் இருந்த இடத்திலேயே தொங்கியது.

"ஹேண்ட்பிரேக் போடலையா அத்தான்?"

"இஞ்சினே இல்லாத கார் எங்க போயிடப் போகுதுன்னு நினைச்சேன்."

சத்தம் கேட்டுத் தையல் அறையிலிருந்து மனைவி வந்தாள். மூவருமாகக் காரைத் தள்ளி வந்ததும், சக்கரங்களுக்கு அவளே செங்கல் வைத்தாள்.

இந்த முறை இஞ்சின் இறங்கியது. ஆனால் கியர்பாக்ஸின் தண்டு கிளட்சுக்குள் நுழையவில்லை. தள்ளினார்கள், உலுக்கினார்கள், கெஞ்சினார்கள்.

"மெக்கானிக்கைக் கூப்பிட்டுடலாம் அத்தான்."

சர்வேயர் காருக்கு அடியில் படுத்து வெகுநேரம் பார்த்தார். முகமெல்லாம் கிரீஸ். பிறகு மனைவியிடம் சொன்னார்:

"முன்னால இருக்கற புல்லியை ஸ்பானரால திருப்பு. மெதுவா... இன்னும் கொஞ்சம்."

தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் திருப்புகிற பதத்தில் அவள் திருப்பினாள். தண்டின் பல் கிளட்சின் பள்ளத்தில் விழுந்து 'டக்' என்று ஒரு சத்தம். இஞ்சின் தன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது. மைத்துனன் ஈரச் சட்டையோடு அத்தானையே மலைப்பாகப் பார்த்தான்.

போல்ட்டுகளை முடுக்கி, எல்லாவற்றையும் மாட்டிச் சாவியைத் திருப்பியபோது, இஞ்சின் இருமியது, புகைந்தது, பிறகு சீராகப் பாடத் தொடங்கியது. சர்வேயரின் கண்கள் கலங்கின. புகை என்றார்.

தெருவில் போன அந்தக் கால்நடை டாக்டர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார்.

"செத்துக் கிடந்த இஞ்சினுக்கு உயிர் கொடுத்துட்டேன் டாக்டர்," என்றார் சர்வேயர்.

"உட்காருங்க டாக்டர், காபி கொண்டு வரேன்," என்று மனைவி அவசரமாகக் குறுக்கிட்டாள்.

டாக்டர் குழப்பத்தோடு அவளைப் பார்த்தார்.

"செத்துக் கிடந்ததா? விக்கிற அன்னிக்குக் காலையில கூட நான் இதுலதானே ஆஸ்பத்திரிக்குப் போனேன்? இஞ்சினைக் கழட்டிக் குடுத்தாத்தான் வாங்குவேன்னு நீங்கதானே பிடிவாதமா நின்னீங்க?"