பூச்சி இன்ஸ்பெக்டருக்குக் காப்புக் கட்டிய ஊர்

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தேசத்தில் காலராக் கிருமியை 'அவர்' என்று மரியாதையாகப் பேசிய ஒரே ஆள் எங்கள் பூச்சி இன்ஸ்பெக்டர்தான். "அவர் வெறும் கண்ணுக்குத் தெரியமாட்டார். கமா மாதிரி வளைஞ்சிருப்பார்" என்பார்.

சேந்தமங்கலத்தில் அவர் சுகாதார இன்ஸ்பெக்டர். நான் அம்மை குத்துகிறவன். மனுஷர் வெற்றிலையைக்கூட வேகவைத்துத்தான் போடுவார். பக்கத்திலிருந்து பார்த்தால் கீரை தின்கிறார் என்றுதான் நினைப்பீர்கள்.

கிருமிகளின் சரித்திரத்தைச் சொந்தக்காரர் வீட்டு விஷயம்போலச் சொல்வார். பிரசவம் பார்க்குமுன் கை கழுவச் சொன்ன டாக்டரைச் சக டாக்டர்களே கேலி பண்ணி, கடைசியில் அவர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் செத்துப்போனார் என்று சொல்லும்போது இவருக்குக் கண் கலங்கிவிடும். லண்டனில் இன்னொரு டாக்டர் தெருவிலிருந்த அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றவைத்துக் காலராவை மடக்கினாராம். கல்கத்தாக் குளத்தில் 'கமா'வைப் பிடித்த ஜெர்மன் டாக்டரைப் பற்றி ஆரம்பித்தால் எங்கள் சாப்பாடு ஆறிவிடும். அந்த ஜெர்மன்காரரிடமே பாடம் கேட்ட ஒரு பெரியவர் சேலத்துக்கு வந்து பேசப்போகிறார் என்று தெரிந்ததும் இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கோட்டை எடுத்து இஸ்திரி போட்டு வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கொல்லிமலையில், பெரக்கரை நாடு என்கிற பகுதியில் ஓர் ஊரில் வாந்திபேதி கண்டது. சந்தைக்கு வந்து நோயோடு திரும்பிய ஒருவரின் துணியை ஊற்றுக்கு மேலே அலசியிருக்கிறார்கள். ஊர் முழுக்கக் குடிப்பது அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான். நாங்கள் மலை ஏறினபோது நாலைந்து பேர் படுத்திருந்தார்கள்.

கிணறாக இருந்தால் மருந்தைக் கொட்டலாம். ஓடுகிற ஊற்றில் கொட்டினால் மருந்தும் ஓடிவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்; யாரும் கேட்கவில்லை. ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டு, மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டுத் தண்ணீரைக் காட்டினார். கவுண்டர் வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தனூண்டு உசுரு. அதும் தண்ணி குடிக்கத்தானுங்க வந்திருக்கும். அதைப் போயி வேகவெக்கச் சொல்றீங்களே, பாவமில்லீங்களா?"

இன்ஸ்பெக்டருக்கு லண்டன் ஞாபகம் வந்துவிட்டது. ஊற்றுக்கு ஏது கைப்பிடி? தானே போய் அதை மறித்துக் குடையோடு உட்கார்ந்துகொண்டார். ஊரார் கொண்டுவந்த கஞ்சி, கிழங்கு எதையும் தொடவில்லை. கூஜாவிலிருந்த ஆறின வெந்நீர்தான் ஆகாரம். எல்லாம் கிருமி பயம். ஊர் அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டது. மாரியாத்தாளுக்கு விரதம் இருக்கிறார் என்று முடிவுகட்டி, பூசாரி வந்து மஞ்சள் நூலில் வேப்பிலை முடிந்து அவர் மணிக்கட்டில் காப்பைக் கட்டிவிட்டார்.

காப்புக் கட்டியவர் நோன்பு முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. இன்ஸ்பெக்டர் குதி குதியென்று குதித்தார். ஆனால் அவர் சொல்லை இனி யாரும் தட்டவும் மாட்டார்கள் என்று பூசாரி சொன்னதும் குதிப்பது நின்றது. கொதிக்காத தண்ணீரை ஒருத்தரும் வாயில் வைக்கக்கூடாது என்று மறுபடி சொல்லிப் பார்த்தார். அன்று சாயங்காலம் அத்தனை வீட்டிலும் அடுப்பில் தண்ணீர்ப்பானை. பாவம் பார்த்த கவுண்டர் வீட்டில்தான் முதலில் புகை வந்தது.

சேலத்துக் கூட்டத்துக்கு நாள் நெருங்கியது. நோன்பு முடிகிறபாடாயில்லை.

"ஒரு நூல்தானே சார். அறுத்துப் போட்டுட்டு வாங்க" என்றேன்.

மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அறுத்தா நாளைக்கே பச்சைத்தண்ணியைக் குடிப்பாங்கய்யா. நீ போய்க் கேட்டுட்டு வா. என் கோட்டைப் போட்டுக்க" என்றார்.

போனேன். பெரியவர் நன்றாகவே பேசினார். ஒரு வார்த்தை விடாமல் இவரிடம் ஒப்பிக்க வேண்டுமென்று மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். காப்பு அவிழ்த்து மலையிறங்கி வந்தவரை அடிவாரத்தில் காத்திருந்து பிடித்தேன். மனுஷர் பாதியாக இளைத்திருந்தார். சேலத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

"படுத்தவங்க எல்லாரும் எந்திரிச்சுட்டாங்கய்யா. புதுசா ஒருத்தரும் படுக்கல" என்று சேந்தமங்கலம் வரைக்கும் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேட்கிறமாதிரி "அப்படியா சார்" என்று கேட்டுக்கொண்டே நடந்தேன்.