புரட்டாசி சனிக்கிழமையும் இரண்டு அவித்த முட்டையும்

அவசரத்தில் இருக்கிற மனிதனுக்கு நம் ஊர் கொடுப்பது மாவு மட்டும்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த முனையில் வண்டியை நிறுத்தினாலும் இட்லி, பரோட்டா, பன், போண்டா, சமோசா. உடம்புக்கு நல்லதாகக் கேட்டால் சிறுதானிய பிஸ்கட் தருவார்கள். பாக்கெட்டின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தால் முன்வரிசையில் மைதா உட்கார்ந்திருக்கும். சிறுதானியம் கூட்டத்தின் கடைசியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். சர்க்கரை வரும்வரை இதெல்லாம் என் கண்ணில் பட்டதில்லை. வந்த பிறகு வேறெதுவும் படவில்லை.

ஆவடியில் இருக்கும் என் அண்ணனுக்கு அது எனக்கு முன்பே வந்து, அவருடைய இடது காலிலிருந்து இரண்டு விரல்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தது. டாக்டர் என்னிடம், "மாவுச்சத்தைக் குறைங்க, அடுத்த டெஸ்ட்டுல பாப்போம்" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அண்ணனை நினைத்து நான் மருத்துவமனைப் படியிலேயே செருப்பைக் கழற்றி விரல்களைப் பார்த்தேன். தினமும் காலையில் எழுந்ததும் அவற்றுக்கு வருகைப் பதிவு எடுக்கும் பழக்கம் அன்று வந்தது. ("எல்லாம் வந்திருச்சா? அப்ப எழுந்து காபி குடிங்க" என்பாள் என் மனைவி கலா. சர்க்கரை இல்லாத காபி. அதைக் குடிக்கவா எழுந்திருக்க வேண்டும்?)

வீட்டில் எனக்கென்று தனிச் சமையலுக்கு வழியில்லை. கலா பூந்தமல்லியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். மகள் நித்யா கம்பெனி வேனைப் பிடிக்க விடியும்போதே ஓடுவாள். அடுப்பில் எது முதலில் வேகிறதோ அதுதான் மூன்று டப்பாவிலும். நானோ ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். லாரி வந்து நின்றுவிட்டால் மதியச் சாப்பாடு என்பதே ஒரு வதந்தி. "என் சாப்பாட்ட நான் பாத்துக்கறேன்" என்று வீரமாக அறிவித்தேன்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இது. சூப்பர் மார்க்கெட்டில் 'கீட்டோ, மாவுச்சத்து குறைவு' என்று எழுதிய ஒரு கட்டியை வாங்கினேன். கடித்ததில் கட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, கடைவாய்ப் பல்தான் ஆடியது. முளைகட்டிய பயறு டப்பாவைக் காலையில் பைக் பெட்டியில் வைத்தேன்; மதியத்துக்குள் அது அந்த வெயிலில் இன்னும் இரண்டு இலை விட்டிருந்தது. சாலட் என்ற பெயரில் வாங்கிய கீரை, திறந்து பார்த்தபோது குளத்தில் விழுந்து இறந்தது போலக் கிடந்தது.

இப்படிப் பசியோடு அலைந்த ஒரு மதியத்தில்தான், எஸ்டேட் முனையில் இருந்த பார் என் கண்ணில் பட்டது. வாசல் அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. தட்டில் அவித்த முட்டை, வேர்க்கடலை மசாலா, நறுக்கிய வெள்ளரிக்காய், மிளகு போட்ட ஈரல். நின்று கூட்டிப் பார்த்தேன். மாவு என்று ஒரு துளி இல்லை. உட்கார்ந்தவுடன் கையில் கிடைக்கும் சாப்பாடு. என் டாக்டர் ஒரு ஓட்டல் வைத்தால் இப்படித்தான் வைப்பார்.

அடுப்படியில் நின்ற குமார் கேட்டான்: "சரக்கு இன்னா வோணும் அண்ணாத்தே?"

"சரக்கு வேணாம். ரெண்டு முட்டை, ஒரு கடலை மசாலா."

"சரக்கு இல்லாமலா சைடிஷ்ஷு?"

"ஆமா."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீ இன்னா, போலீசா?"

முதல் சில நாட்கள் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். பிறகு அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். பக்கத்து மேசை மணி, தினமும் பகலிலேயே போதையில் ஆடிக்கொண்டிருப்பவர், என் தோளைத் தட்டி, "பாவம் நைனா நீ. டாக்டரு நிறுத்தச் சொல்லிட்டான். வாசனையாச்சும் புடிச்சிக்கினு போலாம்னு வர்ற" என்று கண் கலங்கினார். எனக்காக அழுத ஒரே மனிதர் என்பதால் நான் மறுக்கவில்லை.

அதற்குள் ஆவணியில் நித்யாவுக்கு ஒரு வரன் வந்தது. வானகரத்துப் பையன். பஜ்ஜி, கேசரி எல்லாம் ஆயிற்று (நான் தட்டைத் தொடவில்லை, "மாமாவுக்கு ரொம்பக் கட்டுப்பாடு" என்று பையனின் அம்மா வியந்தார்). பையனும் நித்யாவும் போனில் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவள் பேசிவிட்டு வரும்போது முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. புரட்டாசி பிறந்துவிட்டது, ஐப்பசியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

புரட்டாசியில் நல்ல காரியம் பேசமாட்டார்கள். ஆனால் விசாரிப்பார்கள். பெண்ணின் அப்பன் எப்படி, தெருவில் பெயர் என்ன, வேலை செய்யும் இடத்தில் மரியாதை உண்டா என்று ஒருவர் சத்தமில்லாமல் வந்து கேட்டுப் போவார். இந்த ஊரில் பெண்ணைப் பெற்றவனுக்கெல்லாம் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும். விரல்களின் கவலையில் மறந்து தொலைத்தேன்.

புரட்டாசி என்றால் எங்கள் வீட்டில் முட்டையின் பேரைக்கூடச் சொல்லக்கூடாது. கலா அசைவப் பாத்திரங்களைக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவாள். ஆகவே பார் எனக்கு ஒரு வசதி என்பது போய், வாழ்வாதாரமாகிவிட்டது. வீட்டில் கேட்டால், "கேன்டீன்ல சுண்டல்" என்பேன்.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் பெருமாளுக்குப் படையல். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, வடை. கலா என் நெற்றியில் பெரிதாக நாமம் போட்டுவிட்டு, கையில் பொங்கலை வைத்தாள்.

"கலா, சுகர்."

"பெருமாள் பிரசாதத்துல சுகர் ஏறாது. முழுங்குங்க."

முழுங்கினேன். பைக்கில் கரையான்சாவடி தாண்டுவதற்குள் இடது கால் சுண்டுவிரல் மரத்துவிட்டது போல இருந்தது. (ஷூ இறுக்கம் என்று பிறகு தெரிந்தது.) அன்றைக்குப் பார்த்து மூன்று லாரி. மதியம் பசியும் பயமுமாக நேராகப் பாருக்கு ஓடினேன். குமார் பரிமாறினான்: இரண்டு முட்டை, ஒரு வஞ்சிரத் துண்டு.

வாயில் முட்டையோடு நிமிர்ந்தபோது, வாசலில், பெண் பார்க்க வந்திருந்த பையனின் தாய்மாமன் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் கம்பெனி வாசலில் விசாரித்திருக்கிறார். செக்யூரிட்டி நல்லெண்ணத்தில், "சூப்பர்வைசரா? தங்கமான மனுசன் சார். இந்நேரம் முனை பார்லதான் இருப்பாரு, டெய்லி" என்று வழியும் காட்டியிருக்கிறார்.

அந்த நேரத்தில் ஒரு நிதானமுள்ள மனிதன் என்ன செய்வான்? எழுந்து கைகுலுக்கி, விஷயத்தைச் சொல்லியிருப்பான். நான் மேசைக்கு அடியில் போனேன். போகிற போக்கில் நாமத்தை அழிக்க வேண்டும் என்று தோன்றியது; மீன் மசாலா கையால் தேய்த்ததில் நெற்றி முழுக்கச் சிவந்து, கண்ணிலும் இறங்கியது. எரிச்சலில் துள்ளி எழுந்தேன். மணியின் மேசை கவிழ்ந்தது. அவருடைய பிராந்தி முழுவதும் என் சட்டையில்.

"சம்மந்தி!" என்று கத்தினேன். அவர் இன்னும் சம்மந்தி ஆகவில்லை. இனி ஆகப்போவதும் இல்லை என்பது அந்தச் சொல் வாயை விட்டு வெளியேறும்போதே தெரிந்துவிட்டது. "நான் குடிக்க வரல! முட்டை சாப்பிட வந்தேன்!"

அவர் என் நெற்றியைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். "புரட்டாசி சனிக்கிழமையிலயா?" என்றார் மெதுவாக.

அப்போது மணிக்கு நட்பு பொங்கிவிட்டது. "இன்னா சார் டவுட்டு படற? எங்கம்மா மேல சத்தியமா சொல்றேன், அண்ணாத்தே ஒரு சொட்டு தொட மாட்டாரு. டெய்லி எங்ககூடத்தான் குந்திக்கினு கீறாரு, எனக்குத் தெரியாதா?"

"டெய்லியா?"

"ஒரு நாளு தவறுனதில்ல சார்!"

குமாரும் சாட்சிக்கு வந்தான். "ஒரு கோட்டரு கூட வாங்குனதில்ல சார். ஆடி, அமாவாசை எதுவும் பாக்க மாட்டாரு, வந்துருவாரு."

தாய்மாமன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் போன் போய்ச் சேர்ந்திருந்தது. கலா கதவைத் திறந்தாள், மூச்சை ஒருமுறை இழுத்தாள், உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முட்டை முதல் மணி வரை. அவள் நம்பினாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "சொல்லியிருந்தா நான் அவிச்சுக் குடுத்திருப்பேனேப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அந்த அறையிலிருந்து பிறகு போன் பேசும் சத்தம் கேட்கவில்லை.

அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் ஆவடியிலிருந்து வானகரத்துக்குப் போயிருக்கிறார். அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, விரல் இல்லாத காலை நீட்டி, "இதப் பாத்து பயந்துதான் எந்தம்பி அங்க போனான்" என்றாராம். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். காபி கொடுத்தார்கள், சர்க்கரை போட்டு. அண்ணன் அதையும் மரியாதைக்குக் குடித்துவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து, பையனுக்கு வெளியூர் மாற்றல் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது.

அடுத்த டெஸ்ட்டில் என் சர்க்கரை பிரமாதமாகக் குறைந்திருந்தது. "என்ன டயட் எடுத்தீங்க? மத்தவங்களுக்கும் சொல்லலாம்" என்று டாக்டர் பேனாவை எடுத்தார். நான் அவர் மேசையில் இருந்த பொம்மைக் கிட்னியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மொட்டை மாடியில் ஒரு கரண்ட் அடுப்பு இருக்கிறது. புரட்டாசியில் நித்யா அங்கே போய் முட்டை அவிப்பாள். அதைக் கீழே கொண்டுவர அனுமதியில்லை. நான் மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று சாப்பிட்டு, டப்பாவில் மதியத்துக்கும் அடைத்துக்கொண்டு, வாய் கொப்பளித்துவிட்டு இறங்கவேண்டும்.

நித்யா இன்னொன்றும் செய்ய ஆரம்பித்தாள். அடுத்து வந்த வரன்களிடம், யாரும் விசாரிக்கப் போகுமுன், அவளே இந்தக் கதையைச் சொல்லிவிடுவாள். நாமம், மீன், மணியின் சத்தியம் எல்லாம் நடித்துக் காட்டுவாள். நான் சமையலறையில் காபி டம்ளர்களோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் வந்தவன் சிரிக்கவில்லை. அடுத்தவனின் அம்மா பாதியிலேயே பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் கதை இன்னும் நன்றாக வந்தது. ஹாலில் அமைதியும் இன்னும் நன்றாக வந்தது.

போன மாதம் வந்தவர்களிடமும் சொன்னாள். அன்றைக்குப் பார்த்து குக்கர் விசிலடித்ததில், ஹாலில் என்ன நடந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு நித்யா சமையலறைக்குள் வந்தாள். கண் ஈரமாக இருந்தது. நான் டம்ளர்களைக் கீழே வைத்தேன்.

"அவரு சிரிச்சாருப்பா" என்றாள். "ஆனா அவங்க அப்பா சிரிக்கல. மூஞ்ச உம்முனு வச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு."

"என்னம்மா?"

"'எந்தக் கடை? எனக்கும் சுகர்தான்'னு."