ஒன்பது பேருக்கு ஒரு நெஞ்சு

ஒரு காட்டில் விடியும் முன்பே 'புஸ்... புஸ்...' என்று சத்தம் கேட்கும். பாம்பு என்று நினைத்துப் புது முயல்கள் காலைத் தூக்கிக்கொள்ளும். பழைய முயல்கள் புரண்டு படுக்கும். அது சடையன் என்கிற உடும்பு தன் சைக்கிளின் பின் டயருக்குக் காற்றடிக்கிற சத்தம். டயரில் எங்கோ ஓர் ஓட்டை. எங்கே என்று தேட நேரமில்லாததால் பதினோரு வருடமாகக் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

சடையன் தற்காலிகத் தபால்காரன். தினமும் குயிலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, மேல்காட்டுக்குத் தபால் கொண்டுபோகும்.

மழை விட்ட மாதத்தில் தபால் அதிகாரியான கரடி ஓர் அறிவிப்பு ஒட்டியது. தபால்காரர் வேலை இனி நிரந்தரம். விண்ணப்பிப்பவர் குயிலாற்றுப் பாதையைச் சைக்கிளில் ஏறியதற்கு அத்தாட்சி இணைக்க வேண்டும்.

"நான்தானே ஐயா தினமும் ஏறுறேன்" என்றது சடையன்.

"யாரு இல்லேன்னா? அத்தாட்சி எங்கே?"

"நேத்து உங்க தங்கச்சிக்கு எழுதின கடுதாசி போய்ச் சேர்ந்துச்சே."

"கடுதாசி போனதுக்கு முத்திரை இருக்கு. நீ போனதுக்கு?"

சடையன் தன் உடம்பில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டது. இல்லை.

அதே காட்டில் ஒரு சைக்கிள் சங்கமும் இருந்தது. தலைவர் நரி அம்பலவாணன். உறுப்பினர் ஒன்பது பேர். இதே பள்ளத்தாக்கில் ஏறுவதற்கு மூன்று மாதமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டை கருஞ்சிவப்பா ஆரஞ்சா என்பதற்கு இரண்டு கூட்டம். வாழைப்பழத்தை எந்த வளைவில் தின்பது என்பதற்கு ஒரு கூட்டம். பாறை அகலத்துக்கு வரைபடம். அதில் விளக்கம் கேட்க ஒருநாள் சடையனைக் கூப்பிட்டார்கள்.

"எந்த வளைவுப்பா ரொம்பக் கடினம்?" என்றது நரி.

"பதினோராவதுண்ணே. அங்க நான் இறங்கித் தள்ளிடுவேன்."

"தள்ளுறதா? அதைத் திட்டத்துல எழுத முடியாதே" என்றது சங்கத்து மயில்.

குறித்த நாளும் வந்தது. ஒன்பது பேரும் சட்டை போட்டு, படம் எடுத்து, வாழைப்பழத்தையும் தின்று முடித்தார்கள். நரி அண்ணாந்து பார்த்தது. "மேகம் சரியில்லையே."

தபால் பையோடு வந்த சடையனை அது கைகாட்டி நிறுத்தியது. ஒன்பது கருவிகளை நீட்டியது. எங்கே போனோம், எவ்வளவு ஏறினோம், நெஞ்சு எத்தனை தடவை அடித்தது என்று எழுதிவைக்கிற கருவிகள்.

"நீ எப்படியும் போறே. இதை நெஞ்சில கட்டிக்கிட்டுப் போ. சங்கத்துச் சான்றிதழ்ல உன் பேரையும் சேர்த்துடறேன். அதைக் காட்டினா கரடியார் மறுபேச்சு பேச மாட்டார்."

"நெசமாவாண்ணே?"

"நான் எப்ப பொய் சொல்லியிருக்கேன்? ஒண்ணு மட்டும். பதினோராவதுல இறங்கித் தள்ளிடாதே. கருவி காட்டிக்கொடுத்துடும்."

சடையன் பதினோராவது வளைவில் இறங்கவில்லை. எழுந்து நின்று மிதித்தது. பன்னிரண்டாவதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டது. கீழே குயிலாறு வளைந்து போய்க்கொண்டிருந்தது. பதினோரு வருடத்தில் அன்றுதான் அது ஆற்றை உட்கார்ந்து பார்த்தது. நன்றாகத்தான் இருந்தது. ஏழு நிமிடம் கழித்து எழுந்து, தபாலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மறுநாள் சங்கம் கூடிக் கருவிகளைப் பார்த்தது.

"பன்னிரண்டாவது வளைவுல நாம ஏழு நிமிஷம் நின்னிருக்கோம். ஏன் நின்னோம்?" என்றது நரி.

"இயற்கையை ரசிச்சோம்" என்றது மயில். அப்படியே எழுதிக்கொண்டார்கள். சான்றிதழ் ஒன்பது பேருக்கு வந்தது.

"என் பேருண்ணே?"

"உன் கருவி எங்கே சடையா? கருவியில்லாம பேரைப் போட்டா, நாளைக்கு நாலு பேர் கேட்க மாட்டாங்களா? சங்கத்துக்குன்னு ஒரு நாணயம் இருக்கில்ல."

சடையன் நேராகக் கரடியிடம் போனது. "ஐயா, அந்த ஒன்பதும் என் நெஞ்சு. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாருங்க."

கரடி நல்ல அதிகாரி. சான்றிதழ்களோடு வந்த ஒன்பது கருவித் தாளையும் அடுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. ஒரு துடிப்புகூட விலகவில்லை. சடையனுக்கு மூச்சு வந்தது.

"ஒன்பது பேர் ஒரே மாதிரி சொல்றாங்க" என்றது கரடி. "இதைவிடப் பலமான அத்தாட்சி ஏது? நீ ஒருத்தன்தான் வேற மாதிரி சொல்றே."

வேலை நரிக்குப் போனது. "இந்த உத்தியோகத்துல எல்லாம் எனக்கு ஆசையே கிடையாது. சான்றிதழை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா நல்லாவா இருக்கு?" என்றது அது. பிறகு தபால் பையைச் சடையன் பக்கம் தள்ளியது. "நாளைக்கு எனக்குப் பதிலா நீ போயிட்டு வா. அன்னைக்கு ஏறினதுல கால் ரெண்டும் விட்டுப்போச்சு."

பன்னிரண்டாவது வளைவில் சங்கம் ஒரு பெஞ்சு போட்டது. 'காட்சி முனை. சான்று பெற்றோர் மட்டும் அமரவும்' என்று பலகையும் வைத்தது.

மறுநாள் விடியும் முன் சடையன் நரியின் கருவியை நெஞ்சில் கட்டிக்கொண்டது. பின் டயரை அழுத்திப் பார்த்தது. பம்பை எடுத்துக் காற்றடிக்கத் தொடங்கியது.

நீதி: மலையேற நல்ல நெஞ்சு வேண்டும். அது உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் எங்கும் இல்லை.