அண்ணன் காலில் நான் போட்ட கோடு

மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் எவனையும் மார்க்கர் பேனாவோடு கல்யாண மண்டபத்துக்குள் விடக்கூடாது. அனுபவஸ்தன் சொல்கிறேன்.

இரும்புலியூரில் என் அண்ணனுக்குக் கல்யாணம். எனக்கோ மறுநாள் உடற்கூறியல் செய்முறைத் தேர்வு. ரத்தக் குழாய் ஓடும் பாதையைத் தோலின்மேல் வரைந்து காட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளை அறையில் அண்ணனின் வலதுகால் சும்மாதானே கிடந்தது! பிடித்துக்கொண்டேன்.

காலில் தோலுக்கு அடியிலேயே ஓடும் பெரிய சிரை இருக்கிறதே, உடம்பிலேயே நீளமானது அதுதான். பாதத்தின் உள்விளிம்பில் கிளம்பி, உள்கணுக்காலுக்கு முன்னால் ஏறி, தொடை இடுக்கு வரை போகும். வழியெல்லாம் குட்டிக் கதவுகள். ஏறின ரத்தம் இறங்க முடியாது. (காலை நேரத்துத் தாம்பரம் ரயில் மாதிரி.) கதவு பழுதானால்தான் நரம்பு சுருட்டிக்கொள்ளும். எனக்கு அதன்மேல் அப்போதே காதல். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை நீலத்தில் இழுத்து, கதவுகளையும் போட்டேன்.

"போயிடும்ல?" என்றான் அண்ணன்.

"சோப்பு போட்டா போயிடும்ண்ணா." (போகவில்லை.)

காலையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, வேட்டி மறைத்துவிடும் என்று அவனும் விட்டுவிட்டான். பாத பூஜை என்று ஒன்று இருப்பது எங்கள் இரண்டு மண்டைக்கும் எட்டவில்லை.

பெண்ணின் அப்பா கீழ்க்கட்டளையில் கணக்கு வாத்தியார். மாப்பிள்ளையின் பாதத்தைத் தாம்பாளத்தில் வைத்து, பால் ஊற்றுவதற்காக வேட்டியை லேசாகத் தூக்கினார். சொம்பு அந்தரத்தில் நின்றது.

"என்ன மாப்ளே இது, நரம்பு சுருட்டலா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பாய்ந்தேன். "அங்கிள், இது ரொம்ப ஒசத்தியான சிரை! ஹார்ட்ல அடைப்பு வந்தா இதைத்தான் எடுத்து, தலைகீழா வச்சு தைப்பாங்க!"

"அய்யய்யோ, ஹார்ட்லயும் அடைப்பா?" என்று பெண்ணின் அத்தை அலறினார். "மொதல்ல மேளத்தை நிறுத்தச் சொல்லுங்க!"

மேளம் நின்றது. போச்சுடா, அண்ணன் கல்யாணம் என் கையாலேயே போச்சு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது அறையிலிருந்து மணப்பெண்ணே வந்தார். குனிந்து அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். "நரம்புன்னா புடைச்சிருக்கும்பா. இது வெறும் மை." நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்து, கூடியிருந்த சபை பார்க்க அவரே அழித்தார். அழித்துக்கொண்டே என்னிடம், "ஆனா அழகா வரைஞ்சிருக்கீங்க தம்பி" என்றார். அன்று முதல் நான் அண்ணியின் பக்தன்.

பல வருடம் கழித்து வாத்தியாருக்கே இதயத்தில் அடைப்பு. பைபாஸ்தான் வழி என்றார்கள். சிரை எடுக்க வேண்டிய காலில் குறி போட சர்ஜன் பேனாவைத் திறந்ததும், "இருங்க சார், எங்க வீட்டுப் பையன் வரட்டும். கோடு போடறது அவன் டிபார்ட்மென்ட்" என்றாராம். நானும் அதற்குள் டாக்டராகியிருந்ததால் சர்ஜன் சிரித்துக்கொண்டே பேனாவைக் கொடுத்தார். வாத்தியாரின் காலருகே குனிந்து கோட்டை இழுத்தேன்.

"தம்பி, இதாவது சோப்பு போட்டா போயிடுமா?"

"போகக்கூடாது மாமா."

பிழைத்துக்கொண்டார். இப்போது எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், பந்தியில் வேட்டியை முழங்கால் வரை தூக்கித் தழும்பைக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்:

"மாப்ள கால்ல போட்டது ரஃப். என் கால்லதான் ஃபேர் காப்பி!"