முள்ளம்பன்றிக்கு வீடு கட்டிய சபையார்

ஒரு காட்டில் மழை பெய்தது. இப்படிச் சொன்னால் ஏதோ தூறல் போட்டு ஓய்ந்தது போல இருக்கும். அப்படியில்லை. கிளையில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி இடத்தைவிட்டு அசையாமலே சாப்பிட்டது. மீன்கள் கிளைவரை ஏறிவந்து அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தன. ஒரு ஆமை மல்லாந்து படுத்துத் தன் ஓட்டையே படகாக்கி மாமியார் வீட்டுக்குப் போய்வந்தது. நம்பாதவர்கள் அந்த மாமியாரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த மழையில்தான் எப்சிபாள் என்ற முள்ளம்பன்றியின் பொந்து இடிந்தது. கிழங்கு தேடிப் போன அவள் புருஷன் பொன்னுத்துரையை வெள்ளம் இழுத்துக்கொண்டுபோய் ஆற்றின் அக்கரையில் போட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீர் வடிகிறவரை அவன் அங்கே, இவள் இங்கே. எப்சிபாளுக்கோ நிறைமாசம். குனிந்து மண்ணைத் தோண்ட வயிறு விடவில்லை. தோண்டக்கூடியவன் அக்கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"ஏட்டி எப்சி! எங்க படுக்கிறே?"

"மரத்தடியிலதாங்க! ஒழுகுது!"

"அடுத்த மழைக்குள்ள ஒரு கூரைக்கடியில போயிரு! குட்டி நனைஞ்சா பொழைக்காதுட்டி!"

"எனக்குத் தெரியாதா? அங்கேயிருந்து புத்தி சொல்லாம, யாரையாவது அனுப்பி வைக்கச் சொல்லி ஜெபம் பண்ணுங்க!"

பொன்னுத்துரை ஜெபம் பண்ணினான். கொஞ்சம் அதிகமாகவே பண்ணிவிட்டான் போலிருக்கிறது. மறுநாள் காலையில் காட்டுச் சபையின் துயர் துடைப்புக் கமிட்டி மொத்தமும் வந்து நின்றது.

நல்லவர்கள். அதில் சந்தேகமே வேண்டாம். வெள்ளம் வந்ததும் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு சேற்றில் முதலில் இறங்கியவர்கள் அவர்கள்தான். கமிட்டித் தலைவர் வேதமுத்து யானை, செயலாளர் பாக்கியநாதன் மயில், வாலிபர் சங்கத்துக் குரங்கு காட்வின், பெண்கள் ஐக்கிய சங்கத்து ஞானாபரணம் எருமை என்று ஒவ்வொருவரும் தங்கமானவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்ததுதான் எப்சிபாளுக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது.

"மகளே, உனக்கு ஒரு வீடு கட்டித் தரப்போகிறோம்" என்றார் வேதமுத்து.

"வீடு எதுக்குங்கய்யா? தலைக்கு மேல ஒரு கூரை இருந்தாப் போதும்."

"ஆண்டவருக்கென்று செய்வதில் அரைகுறை கிடையாது" என்று சொல்லி, தலைவர் அவளைத் தும்பிக்கையால் அணைத்துக்கொண்டார். செயலாளர் மயில் செல்போனை நீட்டி அந்தக் காட்சியைப் பிடித்தது. படத்தில் தலைவர் முகத்தில் தெரிந்த கண்ணீரைப் பார்த்து சபையே உருகியது. தும்பிக்கையில் ஏறிய முட்களை ஞானாபரணம் சாயங்காலம்வரை பிடுங்கினாள்.

"இனிமே தூரத்துல நின்னே ஆசீர்வாதம் பண்ணுங்க, தலைவரய்யா" என்றாள்.

முதல்நாள் வேலை ஜெபத்தோடு தொடங்கியது. வாலிபர் சங்கத்துக்காரர்கள் அவசரக்காரர்கள். சிமெண்டைக் குழைத்துச் சட்டியில் போட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார்கள். வேதமுத்து ஐயா வானத்தையும் பூமியையும் படைத்ததற்கு நன்றி சொன்னார். பிறகு அவற்றில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். அவர் புல்பூண்டுகளை முடித்துப் பறவைகளுக்கு வரும்போதே சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. ஆமென் சொல்லி எல்லோரும் எழுந்தபோது காட்வினோடு சேர்ந்து சட்டியும் எழுந்தது. வால் சட்டிக்குள் கிடந்ததை அவன் கவனிக்கவில்லை, சிமெண்ட் கவனித்துக்கொண்டது.

"ஊழியத்துல பாடு இருக்கத்தான் செய்யும், தம்பி" என்றார் தலைவர்.

"பாடு சரிங்கய்யா. சட்டியோட எப்படி மரம் ஏறுறது?"

மறுநாள் ஜெபத்தை முடித்த பிறகே சிமெண்டைக் குழைத்தார்கள். செங்கல் வந்து இறங்கியது. ஒவ்வொரு செங்கல்லிலும் கொடுத்தவர் பெயர் இருந்தது. அந்தச் சபையில் அதுதான் வழக்கம். கோவிலில் பெஞ்சுக்குப் பெயர், மின்விசிறிக்கு மூன்று இறக்கையிலும் பெயர், மணியடிக்கிற கயிற்றின் நுனியில்கூட ஒரு அணில் குடும்பத்தின் பெயர். 'காலஞ்சென்ற நரி மாசிலாமணி நினைவாக, மனைவி, மக்கள், மருமக்கள்' என்று ஒரு செங்கல். எலிக் குடும்பத்துக்கு ஒரு செங்கல் போதவில்லை; பேரப்பிள்ளைகள் பெயருக்கு 'தொடர்ச்சி அடுத்த கல்லில்' என்று போட்டு ஒரு வரிசையையே பிடித்துக்கொண்டார்கள்.

பெயரெல்லாம் பாதையைப் பார்த்து இருக்கவேண்டும், மேலே பூசி மறைக்கக்கூடாது என்று செயலாளர் மயில் உத்தரவு போட்டது.

"அஸ்திவாரம் தோண்டணுமே" என்றான் காட்வின், சட்டியைத் தரையில் இழுத்தபடி.

"அஸ்திவாரத்துக்கு யாரும் கல் எழுதிக் கொடுக்கலியே தம்பி" என்றது மயில். "மண்ணுக்குள்ள போறதுல பேர் போட்டா எவன் படிப்பான்? அதனால சுவரைத் தரைமேலயே வச்சிருவோம்."

வைத்தார்கள். கதவை ஒரு மான் குடும்பம் கொடுத்தது. கதவின் வெளிப்பக்கம் முழுக்க அவர்கள் பெயர். கதவைத் திறந்தால் பெயர் உள்ளே திரும்பிவிடும், ஆகையால் திறக்காமல் பார்த்துக்கொண்டால் நல்லது என்று மான் தாழ்மையோடு கேட்டுக்கொண்டது. நிறைமாசக்காரி எப்சிபாள் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துப் பழகினாள். ஜன்னல் யாருடையது என்று கேட்கிறீர்களா? அது ஓட்டைதானே, ஓட்டையில் பெயர் எழுத முடியாது. அதனால்தான் அது திறந்திருந்தது.

சுவர் நாலும் எழும்பிவிட்டன. கூரை வரவில்லை. வாரம் ஓடியது, வரவில்லை.

"ஏட்டி! கூரை போட்டாச்சா?" என்று அக்கரையிலிருந்து குரல் வந்தது.

"சுவர் போட்டாச்சு! கதவு போட்டாச்சு! கல்லு பூராவும் நரி வீட்டு ஆளுக பேரு!"

"கூரையைக் கேட்டா நரியைச் சொல்றே!"

எப்சிபாள் மயிலிடம் போய்க் கேட்டாள். மயில் கழுத்தைச் சாய்த்து, சங்கடத்தோடு உண்மையைச் சொன்னது.

"கூரைக்கு யாரும் முன்வரலை, அம்மா. கூரைமேல பேர் எழுதினா கீழே நடக்கிறவங்களுக்குத் தெரியாதே. பருந்துக்குத்தான் தெரியும். பருந்துங்க நம்ம சபை இல்லை."

மேற்கே மலைமேல் மேகம் திரண்டு நின்றது. எப்சிபாளுக்கு இடுப்பில் ஒரு வலி வந்து போனது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கிற நேரம். அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் முள்ளுக்குப் பயந்து நகர்ந்து இடம் விட்டார்கள்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். "எனக்கு ஒரு சந்தேகம். ஆண்டவர் எங்கேயிருந்து பார்க்கிறார்?"

"பரலோகத்திலிருந்து, மகளே" என்றார் வேதமுத்து.

"அது மேலேயா, பக்கவாட்டிலயா?"

"மேலேதான்."

"அப்போ என் வீட்டை மேலேயிருந்து பார்த்தா அவருக்கு எது தெரியும், சுவரா?"

சபையார் அண்ணாந்து கோவில் கூரையைப் பார்த்தார்கள். பிறகு நரி மாசிலாமணியின் விதவை எழுந்தாள். அவளைத் தள்ளிக்கொண்டு மான் எழுந்தது. எலிக் குடும்பம் பெஞ்சோடு எழுந்தது.

ஓடு வந்தது. ஆனால் சாயத்தில் எழுதினால் மழையில் கரைந்துவிடுமே என்று யாரோ சொல்ல, செதுக்கிய கருங்கல் பலகைகள் வந்தன. பரலோகம் தூரமாயிற்றே, எழுத்து பெரிதாக இருக்கவேண்டாமா என்று இன்னொருவர் சொல்ல, பலகைகள் கட்டில் அளவுக்கு வளர்ந்தன. ஒன்றின்மேல் ஒன்று போட்டால் கீழே உள்ள பெயர் மறையும் என்று படிக்கட்டு மாதிரி அடுக்கினார்கள். உச்சியில் வைக்கத் தலைவர் வேதமுத்து தன் பங்காக ஒரு பாறையையே உருட்டிக்கொண்டு வந்தார். அதில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. தாழ்மையாக, பட்டத்தைக் கடைசியில் போட்டிருந்தார்.

ஒரே ஞாயிறில் கூரை முடிந்தது. அடுத்தநாளே பிரதிஷ்டை வைத்தார்கள். ஞானாபரணம் சபைக்கெல்லாம் சேர்த்துப் பெரிய அண்டாவில் அசனச் சாப்பாடு ஏற்றினாள். கத்தரிக்காய், பூசணிக்காய், சாம்பார் என்று காடே மணத்தது. எப்சிபாள் ஒரு இலைக்கு இரண்டு இலையாகச் சாப்பிட்டுவிட்டு, வலி எடுக்கத் தொடங்கியதும் ஜன்னல் வழியாக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். முதல் துளி விழுந்தது. வேதமுத்து ஐயா கண்ணை மூடினார். எல்லோரும் மூடினார்கள்.

ஜெபம் வானத்தைத் தாண்டி, பூமியைத் தாண்டி, ஊர்வன பறப்பனவற்றில் நடந்துகொண்டிருந்தபோது மண் ஊறியது. அஸ்திவாரம் இல்லாத சுவர், தலையில் சபை முழுவதையும் சுமந்துகொண்டு, சத்தமில்லாமல் இறங்க ஆரம்பித்தது. ஒரு பக்கமாகச் சாயவில்லை, விரிசல் விடவில்லை. உள்ளே இருந்த தரையையும் சேர்த்துக்கொண்டு, தண்ணீரில் அமிழ்த்திய குடம்போல நேராக, மரியாதையாக இறங்கியது. எல்லோருக்கும் கண் மூடியிருந்தது. மயிலின் செல்போன் மட்டும் திறந்திருந்தது. அதுவும் மயிலின் முகத்தைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஆமென்."

கண்ணைத் திறந்தால் வீட்டைக் காணோம். தரையோடு தரையாகக் கூரை மட்டும் கிடந்தது. பெயர்கள் மழையில் பளபளத்தன.

"எப்சிபா!" என்று அலறினாள் ஞானாபரணம்.

பூமிக்கடியிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு குட்டி, அக்கா! ரெண்டும் நல்லா இருக்கு! ஒரு சொட்டு ஒழுகலை!"

கைதட்டலும் அல்லேலூயாவும் கிளம்பின. கூரை கொடுத்தவர்கள் குனிந்து தங்கள் பெயரைப் படித்துப் பார்த்தார்கள். பரலோகத்துக்கும் தெரிகிறது, நடந்துபோகிறவனுக்கும் தெரிகிறது. இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் சுவருக்கு மட்டும் செங்கல் கொடுத்து, கூரையில் இடம்பிடிக்காத முயல்கள் பொங்கிவிட்டன.

"எங்க பேரெல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சே! வீட்டை வெளிய இழுங்க!"

"இழுத்தா இடிஞ்சிருமே" என்றான் காட்வின்.

"இடிஞ்சா திரும்பக் கட்டுவோம். ஊழியம்தானே!"

தலைவர் நியாயம் பார்க்கிறவர். வடத்தைக் கொண்டுவரச் சொல்லி, கூரையில் கட்டி, தும்பிக்கையில் சுற்றிக்கொண்டார். உள்ளே எப்சிபாளுக்கு மேலே கல் உறுமுவது கேட்டது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. முள் இன்னும் மெத்தென்று இருந்தது. சுவரைப் பிறாண்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே மண். மண்ணில் ஒரு கறையான் வரிசை, இதென்ன புதுச் சுவர் என்று தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தலைவரய்யா!" என்று கத்தினாள். "கறையான்களுக்கு நம்ம சபையிலிருந்து யாராவது ஊழியத்துக்குப் போயிருக்கீங்களா?"

வடம் தளர்ந்தது. "இல்லையே, மகளே. மண்ணுக்கடியில் யார் போவது?"

"முயல் வீட்டு ஆளுங்கதான் முதல்ல வந்து சேர்ந்திருக்காங்கய்யா, சுவர்க் கல்லுல! இங்க கறையான்களெல்லாம் கூட்டமா நின்னு அவங்க பேரைத்தான் படிச்சிட்டிருக்கு! ஒரு கறையான் அழுவுது!"

கறையான் அழுததா என்பது கறையானுக்குத்தான் தெரியும். மேலே முயல்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. மூத்த முயல் தொண்டையைச் செருமியது.

"நாங்க பேருக்காகக் கேட்கலை" என்றது. "ஆத்துமாக்கள் மேல ஒரு பாரம்."

அந்த இடத்திலேயே நிலத்தடி ஊழியம் ஆரம்பிக்கப்பட்டது. முயல் தலைவர், மான் பொருளாளர். காட்வினைத்தான் முதல் ஊழியக்காரனாகக் கீழே அனுப்ப நினைத்தார்கள். சட்டியோடு உள்ளே போகமுடியாது என்று அவன் தப்பித்துக்கொண்டான். வடத்தை அவிழ்த்துவிட்டு, மிச்சச் சாம்பாரைக் கூரையின் விளிம்புக்கடியில் இருந்த இடுக்கு வழியாக எப்சிபாளுக்கு ஊற்றிவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே போனார்கள்.

தண்ணீர் வடிந்ததும் பொன்னுத்துரை வந்து சேர்ந்தான். வீடு எங்கே என்று தேடி, நரி மாசிலாமணி பெயர்மேல் இரண்டு முறை நடந்தான். கீழேயிருந்து எப்சிபாள் குரல் கொடுத்த பிறகு, பக்கவாட்டில் ஒரு வழி தோண்டி, ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினான். குட்டிகளை முகர்ந்து பார்த்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான். அண்ணாந்து பார்த்தான்.

"ஏட்டி, இது பொந்துதானே?"

"ஆமா."

"நான் பக்கத்துல இருந்திருந்தா ஒரே நாள்ல தோண்டியிருப்பேனே! இதுக்கா இத்தனை பேர், இத்தனை கல்லு, இத்தனை ஜெபம்?"

எப்சிபாள் ஒரு குட்டியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"தோண்டியிருப்பீங்க, யார் இல்லைன்னா? அசனச் சாப்பாடு போட்டிருப்பீங்களா?"

நீதி: உதவ வருகிறவர் தம் பெயரை எழுத இடம் கொடுங்கள்; மிஞ்சுகிற இடத்தில் நீங்கள் குடியிருந்துகொள்ளலாம்.