கரண்டி போட்டால் காய்ச்சல்

முதலில் எங்கள் பேருந்துப் பணிமனையின் ஓய்வறையிலிருந்த கட்டிலைப் பறித்தார்கள். ஓய்வை வீட்டில் எடுத்துக்கொள்வதே நாகரிகம் என்றார்கள். அடுத்து, மாற்று ஓட்டுநர்களை நீக்கினார்கள். யாரும் விடுப்பு எடுக்காவிட்டால் மாற்று எதற்கு என்றார்கள். மூன்றாவதாக, ஜெர்மனியின் வடகடலோரத்துக் கிழக்கு ஃபிரீசியாக்காரனின் உயிரான தேநீர் மீதே கை வைத்தார்கள். நகராட்சிச் சுகாதார இயக்குநர் டாக்டர் ஒன்னோ உக்கேனாவுக்கு இயற்கை வைத்தியத்தில் மோகம். இன்ஃப்ளூயன்சாவைத் தடுக்கும் பொருட்டு, இனி எங்கள் கோப்பைகளில் எல்டர்பெர்ரி என்னும் கறுப்புப் பழத்தின் கஷாயமே ஊற்றப்படும் என்று ஆணையிட்டார். கஷாயம் குடித்தவருக்குக் காய்ச்சல் வராது. வராத காய்ச்சலுக்கு விடுப்பும் கிடையாது.

தொழிற்சங்கத் துண்டறிக்கைகளில் தர்க்கம் படித்தவன் நான். இவ்வளவு ஓட்டையில்லாத தர்க்கத்தை எதிலும் கண்டதில்லை.

ஜனவரியில் ஒரு நாள், பள்ளிப் பேருந்து ஓட்டும் ஹில்கே பாக்கன்ஹுஸ் சுவரைப் பிடித்தபடி வந்தாள். சங்கச் செயலாளன் என்ற முறையில் அவளை இயக்குநரிடம் அழைத்துப் போனேன்.

“உடம்பு கொதிக்குது டாக்டர். ரோடு ரெண்டா தெரியுது. வண்டி எடுக்க முடியாது.”

“கஷாயம் குடிச்சீங்களா?”

“மூணு கப்.”

“அப்ப இது காய்ச்சல் இல்லம்மா. மூலிகை உள்ளே வேலை செய்யுது.”

“மூக்கு ஒழுகுதே?”

“கழிவு வெளியேறுது. வாழ்த்துகள்.”

“ரோடு ரெண்டா தெரியுறது மூலிகையா, கழிவா?” என்றேன் நான்.

அவர் ஹில்கே பக்கம் திரும்பினார். “மூணாவது கப் முடிஞ்சதும் என்னம்மா பண்ணீங்க?”

“கரண்டியைக் கப்புக்குள்ள போட்டேன். எல்லாரும் பண்றதுதானே? இல்லன்னா ஊத்திக்கிட்டே இருப்பாங்களே.”

“பாத்தீங்களா!” மேசையைத் தட்டினார். “கரண்டி போட்டா போதும்னு அர்த்தம். சிகிச்சையை நீங்களே மறுத்திருக்கீங்க. மறுத்தவங்களுக்கு எப்படி லீவு?”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஹில்கே அவர் முகத்துக்கு நேராக இருமினாள்.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. கரண்டிகள் அனைத்தும் பறிமுதல். போதும் என்று வாயால் சொல்வது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. ஊற்றினார்கள், குடித்தோம். பேருந்துகள் பயணிகளுக்காக நின்றதைவிட ஓட்டுநர்களின் அவசரத்துக்காக நின்றதே அதிகம். ஹில்கே தினமும் வண்டி எடுத்தாள்.

அந்த வாரமே டாக்டர் உக்கேனா படுத்துவிட்டார். காய்ச்சல் இறங்கக் கெண்டைக்காலில் வினிகர்த் துணி சுற்றி, முழு விடுப்பில். மூலிகை தோற்பதற்கு விதிகளில் இடமில்லை. ஆகவே குற்றவாளி ஒருவர் இருந்தாக வேண்டும். துணை இயக்குநர் காலையில் எங்களைக் கூட்டினார்.

“ஹில்கே இருமினதாலதான் டாக்டருக்குக் காய்ச்சல். சாட்சி சொல்றவங்க கையைத் தூக்குங்க.”

“அவளுக்குக் காய்ச்சலே இல்லைன்னு அவர்தானே சார் சொன்னாரு?” என்றேன்.

“அவங்களுக்கு இல்லை. ஆனா அவங்ககிட்டேருந்துதான் வந்தது. ஆமா, அன்னைக்குப் பக்கத்துல நீங்களும் நின்னீங்க இல்ல? இருமினது நீங்களா இருக்குமோ?”

அறையிலிருந்த எல்லாக் கைகளும் உயர்ந்தன. என்னுடையதைத் தனியாக எண்ண வேண்டியதில்லை.

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போயிருந்தாள். துணை இயக்குநர் எழுந்து நின்று, சாட்சிகள் முன்னிலையில், விதிப்படி குற்றவாளியின் பெயரை உரக்க வாசித்தார்:

“ஹில்கே பாக்கன்ஹுஸ்.”